வேறென்ன குளிசை எடுக்கிறீங்க?

சென்ற வருட டிசம்பர் விடுமுறைக்கு விடுதியிலிருந்து நுவரெலியாவிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. வாசலுக்கு வந்த உம்மா வழக்கம்போல என் தலையைத் தடவினார். அவரது விரல் என் ஷோலின் நூலில் சிக்கிக்கொண்டது. மோதிரம்தான் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். கையை எடுத்துப் பார்த்தால், விரல் நுனியில் தோல் வெடித்து, அரம்போலச் சொரசொரத்துப் போயிருந்தது.

"என்ன உம்மா இது, கையெல்லாம் வெடிச்சீக்கு?"

"பனிக்குத்தான் மகள். இந்த ஊர்ல இது புதுசா?"

புதிதல்லதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில அதிகாலைகளில் புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்திருக்கும். அந்த உறைபனியில் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்கு இலையும் கருகிவிடும். மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் வாப்பா அந்த நாட்களில் விலை ஏறப்போவதை எண்ணிப் பெருமூச்சு விடுவார். செடிக்கே அப்படியென்றால் மனிதத் தோலுக்கு எப்படியிருக்கும்?

உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் இதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். நம் தோலின் ஆக வெளிப்படை, செங்கல் அடுக்கிய சுவரைப் போன்றது. இறந்த கலங்கள் செங்கல். அவற்றுக்கு இடையிலுள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. சாந்து சரியாக இருக்கும் வரை உள்ளேயுள்ள நீர் வெளியேறாது. குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. போதாததற்கு, குளிருக்குப் பயந்து நாம் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் குளிக்கிறோம். அது சவர்க்காரத்தோடு சேர்ந்து சாந்தைக் கரைத்துக் கொண்டுபோகிறது. ஐந்து வேளை வுழூச் செய்துவிட்டுக் கை கால்களைத் துடைக்காமல் அந்தக் காற்றிலே நின்றால், ஈரம் உலரும்போது தோலும் சேர்ந்து உலர்கிறது. குதிகால் வெடிப்பது இப்படித்தான்.

இதையெல்லாம் உம்மாவுக்கு விளக்கினேன். அவர் அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து, கேட்டபடியே தூங்கிப்போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிக்கவேண்டிய விஷயமல்ல என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே லண்டனிலிருந்து சாச்சி அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். சொக்லேட், இரண்டு ஸ்வெட்டர், வாப்பாவுக்கு ஒரு தொப்பி. அடியில் மூன்று போத்தல்கள். கூடவே வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "ராத்தா, இங்க வின்டர் தொடங்கிட்டு. வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டா தோல் காய்ஞ்சி போகுது. நாங்க எல்லாரும் இதத்தான் குடிக்கிற. உங்கட பக்கமும் பனிதானே, நீங்களும் குடிங்க."

முதலாவது போத்தலில் விற்றமின் டி. இரண்டாவதில் கொலாஜன் தூள். மூன்றாவது, முடி, தோல், நகம் மூன்றுக்கும் என்று எழுதிய பெரிய போத்தல். அறுபது கூட்டுக் குளிசைகள். மேலே பொன்னிற எழுத்தில் ஒரு பெண்ணின் பளபளக்கும் முகம்.

வாப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போத்தல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் வந்தால் முதல் வேலை அதுதான். "இந்தத் தூள் எதிலயிருந்து எடுத்ததெண்டு போடல்லியே" என்று கொலாஜனை ஓரமாக வைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொலாஜன் மாட்டுத் தோல், பன்றித் தோல், மீன் செதிள், மீன் தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. குளிசைகளின் மேல்கூடு செய்யப் பயன்படும் ஜெலட்டினும் அதே வழியில் வருவதுதான். மூன்றாவது போத்தலில் கூடு தாவர நாரினால் ஆனது என்று தெளிவாக எழுதியிருந்தது. ஹலால் முத்திரையும் இருந்தது. "இது பிரச்சினையில்ல" என்று வாப்பா அதை என் கையில் தந்தார்.

ஹலாலா என்று பார்த்து முடித்தோம். அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அது இந்த உடம்புக்குத் தேவையா என்று ஒருவரும் பார்க்கவில்லை. படித்த பிள்ளையான நானும் பார்க்கவில்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய மாதம் ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரப் பெண்ணொருவர் உம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்ன, இந்த வயசிலயே இப்படிக் கெழடு தட்டிட்டு?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டிருந்தார். உம்மா சிரித்துச் சமாளித்தாராம். தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பெப்ரவரியில் மாமா மகளின் கலியாணம் இருந்தது. அதற்குள் உம்மாவின் முகம் பொன்னெழுத்துப் பெண்ணின் முகம்போல ஆகிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

எனவே அடுத்த நாளிலிருந்து, சுபஹ் தொழுதுவிட்டு உம்மா முஸல்லாவை மடிக்கும்போது ஒரு குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீருமாக நான் நிற்பேன். "எனத்துக்கு மகள் இதெல்லாம்?" என்று கேட்பார். "குடிங்க உம்மா, விற்றமின்தானே" என்பேன். குடிப்பார். பெற்ற பிள்ளை அக்கறையாகத் தருவதை எந்தத் தாய் மறுப்பாள்?

இரண்டு வாரம் போனது. தோல் மாறவில்லை. மற்றவை மாறிக்கொண்டிருந்தன; அல்லது முன்பே மாறியிருந்ததை நான் அப்போதுதான் பார்க்கத் தொடங்கினேன். தங்கை ஸ்வெட்டர் இல்லாமல் ஓடித் திரியும் பகல்வேளையிலும் உம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் போர்வை போர்த்திக்கொண்டிருந்தார். குரல் தடித்திருந்தது. காலையில் முகம் வீங்கியிருந்தது. புருவத்தின் வெளி ஓரங்களில் முடி உதிர்ந்திருந்தது. சீப்பு நிறையக் கூந்தல். கறிக்கு உப்புப் போட்டோமா என்பதை அடிக்கடி மறந்தார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பதில் இருந்தது: பனி.

ஒரு நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து, "ஏலாது மகள்" என்றார். உம்மா வாயிலிருந்து நான் கேட்டறியாத சொல் அது. அன்றே வாப்பா அவரை ஒரு பெண் வைத்தியரிடம் கூட்டிச்சென்றார். அவர் தைரொயிட் உட்பட சில இரத்தப் பரிசோதனைகளை எழுதித் தந்தார். அடுத்த நாள் காலை, வழக்கம்போலக் குளிசையைக் கொடுத்துவிட்டு நானே உம்மாவை இரத்தம் கொடுக்கக் கூட்டிப்போனேன்.

ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சாதாரண எல்லைக்குள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. எனக்கும் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு நானும் கூடப் போனேன். வைத்தியர் தாளைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணினார். கதிரையில் முழங்காலூன்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மறுபடியும் தாளை எடுத்தார்.

"அம்மா, உங்கட உடம்பு ஒண்டு சொல்லுது, இந்தப் பேப்பர் வேற ஒண்டு சொல்லுது. வேறென்ன குளிசை எடுக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல டொக்டர். தலைவலிச்சா ஒரு பெனடோல், அவ்வளவுதான்."

உம்மா பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை விற்றமின் என்பது குளிசையல்ல. மகள் தருகின்ற ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும். சொன்னால் என்னைத்தான் ஏசுவார்கள் என்ற பயம். "விற்றமின்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று மனதுக்குள் ஒரு சாட்டு. வைத்தியர் பேனாவைத் திறந்து, "சரி, அப்ப மூணு மாசத்தால பார்ப்பம்" என்று எழுதத் தொடங்கியபோதுதான், "டொக்டர், நான் உம்மாக்கு ஒரு விற்றமின் குடுக்கிறன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைத்தொலைபேசியில் போத்தலின் படம் இருந்தது. லேபலை அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பயோட்டின் பத்தாயிரம் மைக்கிரோகிராம்" என்று வாசித்தார். ஏசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினார்.

பயோட்டின் என்பது பி வகை விற்றமின்களுள் ஒன்று. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மைக்கிரோகிராம் போதும். முட்டை மஞ்சட்கரு, ஈரல், மீன், கடலை வகைகளிலிருந்து அது சாதாரணமாகவே கிடைத்துவிடும். அதில் குறைபாடு வருவது மிக அரிது. நான் உம்மாவுக்குக் கொடுத்தது அந்த அளவைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல். மேலதிகமானது சிறுநீரோடு போய்விடும் என்பதால் அதை ஆபத்தில்லாதது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் வெளியேறும் வரை அது இரத்தத்தில் இருக்கிறது. பல ஆய்வுகூட இயந்திரங்கள் இரத்தத்திலுள்ள ஹோர்மோனை அளப்பதற்கு அதே பயோட்டினைத்தான் ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் இயந்திரத்தின் கணக்குக் குழம்பிவிடும். கூடியிருக்கும் டி.எஸ்.எச். குறைவாகத் தெரியும், குறைந்திருக்கும் தைரொட்சின் கூடுதலாகத் தெரியும். நோயாளியின் ரிப்போர்ட் சுகதேகியின் ரிப்போர்ட்போல வரும்.

பிறகு வீட்டில் தேடி வாசித்தபோது, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரிலேயே இதுபற்றி எச்சரித்திருந்ததை அறிந்தேன். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரொபோனின் பரிசோதனையும் இவ்வாறு பிழைக்கலாம். அதிக அளவு பயோட்டின் எடுத்த ஒருவருக்கு அந்தப் பரிசோதனை தவறாகக் குறைந்த அளவைக் காட்டியதையடுத்து அவர் இறந்துபோனதாகவும் அந்த அறிவிப்பில் இருந்தது. அதை வாசித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

வைத்தியர் ஒரு வாரத்துக்குக் குளிசையை நிறுத்தச் சொன்னார். ஜனவரி முதல் வாரத்தில் மீண்டும் இரத்தம் கொடுக்கப் போனோம். அன்றைக்குத்தான் அந்தப் பருவத்தின் முதல் உறைபனி. போகும் வழியெல்லாம் புல் வெளுத்துக் கிடந்தது. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. "ஏன் மகள் பேசாம வாறீங்க?" என்று கேட்டார். "குளிர் உம்மா" என்றேன். நானும் பனியின் மேல்தான் பழியைப் போட்டேன்.

இம்முறை, 4க்குள் இருக்கவேண்டிய அந்த எண் 28 ஆக இருந்தது. தைரொயிட் சுரப்பி சோர்ந்துபோயிருந்தது. உலர்ந்த தோல், தாங்காத குளிர், களைப்பு, மறதி, முடி உதிர்வு எல்லாம் அதன் வேலை. பனி அதற்கு ஒரு போர்வையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து மிக எளிமையானது. ஒரு சிறிய தைரொட்சின் குளிசை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடித்துவிட்டு, தேநீருக்கும் காலை உணவுக்கும் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் அவற்றுக்கு நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். நோன்பு காலத்தில் எப்படி எடுப்பது என்று வாப்பா கேட்டபோது, ஸஹர் உணவுக்கு அரை மணிக்கு முன்போ, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணித்தியாலத்தின் பின்போ எடுக்கலாம் என்றார் வைத்தியர். எல்லாவற்றையும் வாப்பா ஒரு மட்டையில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். உம்மா விழுங்கும் ஒவ்வொன்றும், தேசிக்காய் சேர்த்த இஞ்சிக் கசாயம் உட்பட, அந்த மட்டையில் இருக்கிறது. கிளினிக் போகும்போது மட்டையும் கூடப் போகும்.

சாச்சியோடு நான் கோபிக்கவில்லை. அவர் அனுப்பிய மூன்றில் ஒன்று அவருக்கு உண்மையிலேயே தேவையானது. தோலில் வெயில் படும்போதுதான் உடம்பு விற்றமின் டியை உண்டாக்குகிறது. ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை பிரித்தானிய வெயிலுக்கு அந்தப் பலம் போதாது. அதனால்தான் அக்காலத்தில் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் எடுப்பதுபற்றி யோசிக்குமாறு அந்நாட்டுச் சுகாதாரத்துறை எல்லோருக்கும் சொல்கிறது. உடலை மூடி உடுத்துவோருக்கு ஆண்டு முழுவதற்கும் அதே ஆலோசனைதான். அதன் முக்கிய காரணம் எலும்பும் தசையும், முகப் பொலிவல்ல. கொலாஜனும் நம் சமிபாட்டுத் தொகுதியில் மற்றப் புரதங்களைப்போல உடைக்கப்படுகிறது. குடித்த கொலாஜன் நேரே கன்னத்தில் போய் உட்காருவதில்லை. தோலின் ஈரப்பதம் சற்றுக் கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொன்னாலும், அவற்றுள் பல அதைத் தயாரிப்பவர்களின் பணத்தில் நடந்தவை. விற்றமின் ஏயோ அளவு மிஞ்சினால் தோலை உலரச் செய்து உதட்டை வெடிக்க வைக்கும். கர்ப்பிணிகளின் குழந்தைக்கும் ஆபத்து. தோலுக்கென்று விழுங்குவதே தோலைக் கெடுக்கலாம் என்பதை எந்தப் போத்தலும் பொன்னெழுத்தில் எழுதுவதில்லை.

தோழிகளே, நம்மில் எத்தனை பேருடைய பைக்குள் இப்படி ஒரு போத்தல் இருக்கிறது என்பது விடுதியில் இருக்கும் எனக்குத் தெரியும். முகம் வெளுக்க, முடி வளர, பரு மறைய என்று ஒருவர் சொல்லி மற்றவர் வாங்கியவை. குறைபாடு இருப்பவருக்கு, அளவறிந்து கொடுக்கப்படும்போது அவை மருந்து. சந்தேகமில்லை. ஆனால் குறைபாடு இருக்கிறதா என்பதைப் போத்தல் சொல்லாது. பனிக்கு உலரும் தோலுக்கு இளஞ்சூட்டு நீரில் சுருக்கமான குளிப்பும், ஈரம் காயுமுன் பூசும் வாசலினும், வுழூவுக்குப் பிறகு கையைத் துடைத்துக்கொள்வதும், முட்டை, மீன், கீரை, பருப்பு உள்ள சாப்பாடும் பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காத வறட்சி, களைப்போடும் குளிரோடும் சேர்ந்து வந்தால் போத்தலைத் தேடாமல் வைத்தியரைத் தேடுங்கள். அங்கே "வேறென்ன எடுக்கிறீங்க?" என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அக்கறையோடு நீட்டினாலும் லேபலை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

நமக்கு ஹலாலைத் தேடக் கற்றுத்தந்த மார்க்கம் அதனோடு தையிபையும் சேர்த்தே சொல்லித்தந்தது. ஆகுமானதாகவும் இருக்க வேண்டும்; நல்லதாகவும் இருக்க வேண்டும். நான் முதற் சொல்லை மட்டும் வாசித்துவிட்டுப் போத்தலைத் திறந்தவள்.

மாமா மகளின் கலியாணத்துக்கு உம்மா அதே வறண்ட முகத்தோடுதான் போனார். குளிசை வேலை செய்ய வாரங்கள் எடுக்கும். யார் என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஏப்ரல் விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போனபோது அவர் வாசலுக்கு வந்து என் தலையைத் தடவினார். ஷோலில் ஒரு நூலும் சிக்கவில்லை. உள்ளே போய், அலுமாரியின் மேல்தட்டில் இருந்த அந்தப் போத்தலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுக் குளிசைகள் மீதியிருந்தன. அப்படியென்றால் இருபத்திரண்டு காலைகள்.

"அத ஏன் மகள் இன்னும் வெச்சீக்கிறீங்க?" என்றார் உம்மா.

"மறக்காம ஈக்கத்தான் உம்மா" என்றேன்.